மகள் வீட்டுப் பக்கத்து ஜெபாலயத்தில் எபிரேய வகுப்பு: இந்த வயதில் போகலாமா?

தரங்கை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பொறையாறு பக்கம். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் முழுகாமல் இருக்கிறாள். ஆவணி கடைசியில் புறப்பட்டால் ஆறு மாதம் அங்கேதான். என் கேள்வி பிரசவத்தைப் பற்றி இல்லை, அதற்குப் பத்தியம் சொல்ல எங்கள் தெருவிலேயே நூறு பேர் இருக்கிறார்கள்.

மகள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு யூத ஜெபாலயம் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி அந்தச் சபைக்காரர். போன தடவை போயிருந்தபோது சாயங்காலம் வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்போம், எனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்தும் அவருக்கு இருக்கிற பொறுமையை வைத்தும். அங்கே பெரியவர்களுக்கென்றே இரண்டு வகுப்பு நடக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எபிரேய வாசிப்பு, எழுத்திலிருந்து ஆரம்பம். சனிக்கிழமை ஆராதனைக்கு முன்னால் ஒரு மணி நேரம் வேதபாடம். வருகிறவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். "நீயும் வாயேன்" என்று கூப்பிட்டார்.

எனக்கு ஆசைதான். எங்கள் குடும்பம் லுத்தரன் சபை, தாத்தா உபதேசியார். தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் கல்லறையைப் பார்த்தபடியே வளர்ந்தவள் நான். அவர் பழைய ஏற்பாட்டை ரூத் வரைக்கும் தமிழில் கொண்டுவந்து 1719இல் இறந்துபோனார், மீதியை சூல்ட்சே ஐயர் 1728இல் முடித்தார் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஆதியாகமம் மூலத்தில் எப்படி இருக்கும் என்று ஒரு பக்கமாவது என் கண்ணால் வாசித்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான், பட்டம் வாங்கப் போகவில்லை.

தயக்கம் என்னவென்றால், நான் யூதர் இல்லை, அதிலும் கிறிஸ்தவள். போய் உட்கார்ந்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா? எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது? புறப்படுவதற்கு முன்னால் இங்கேயே என்ன படித்துவைக்கலாம்? யூடியூபில் பார்த்து எழுத்தெல்லாம் எழுதிப் பழகிவிட்டேன். ஆனால் அச்சில் பார்த்தால் பாதி எழுத்து ஒரே மாதிரி தெரிகிறது. வீட்டுக்காரர் வேறு, "பேரனுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுக்கப் போறேன்னு சொல்லிட்டு நீ போய் ஆனா ஆவன்னா படிக்கப் போறியா" என்று கிண்டல் செய்துகொண்டிருக்கிறார்.

மன்னை மைந்தன்

யூடியூப், ஆப் எல்லாம் இருக்கும்போது வகுப்புக்கு எதற்கு அலைய வேண்டும்? குளிர் வேறு. வீட்டிலிருந்தே படியுங்கள் அம்மா.

குடந்தைக்காரன்

டீச்சர், தாராளமாகப் போங்கள். மைந்தன் தம்பி சொல்வதைக் கேட்காதீர்கள். ஆப்பில் எழுத்துதான் வரும், அந்த வகுப்பின் விஷயமே எழுத்து இல்லை.

நான் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், என் மனைவி யூதர். ஊர் கும்பகோணம், பிழைப்பு பாஸ்டன் பக்கம். நான் மதம் மாறவில்லை, மாறச் சொல்லி அவளும் கேட்கவில்லை. மகனுக்குப் பதின்மூன்று வயது ஆகும்போது பார் மிட்ஸ்வா என்ற சடங்கு வரும், சபைக்கு நடுவில் நின்று வேதச் சுருளான தோராவை வாசிக்க வேண்டும். பிள்ளை என்ன வாசிக்கிறான் என்றே தெரியாமல் அப்பன் முதல் வரிசையில் மண்டையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? அதற்காகப் பெரியவர்கள் வகுப்பில் சேர்ந்தேன். மகன் வாசித்து முடித்துக் காலேஜும் போய்விட்டான். நான் மட்டும் வகுப்பை விடவில்லை. இப்போது அம்மாவைப் பார்த்துக்கொள்ளக் கும்பகோணத்தில் இருக்கிறேன். வியாழக்கிழமை ராத்திரி மொட்டை மாடியில் போனை வைத்துக்கொண்டு பாடம் ஓடுகிறது, கரண்ட் போனால் எமர்ஜென்சி விளக்கில்.

முதல் வேலை, ஜெபாலய அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல். பாட்டி கூப்பிட்டார் என்று நேராகப் போய் நிற்காதீர்கள். 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க்கில் ஓய்வுநாளான சனிக்கிழமை காலை ஆராதனைக்குள் ஒருவன் புகுந்து சுட்டதில் 11 பேர் செத்துப்போனார்கள். அதற்கப்புறம் பல ஊர்களில் ஜெபாலயக் கதவு பூட்டியேதான் இருக்கும், வாசலில் காவலுக்கு ஆள் நிற்பார். முன்பின் தெரியாதவர் பெரிய கைப்பையோடு வந்தால் நாலு கேள்வி கேட்கத்தான் கேட்பார்கள், அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. மின்னஞ்சலில் பாட்டி பெயரைச் சொல்லுங்கள். நான் கிறிஸ்தவள், படிக்க மட்டும் வருகிறேன் என்பதையும் எழுதிவிடுங்கள். அதை மறைக்கவே வேண்டாம். யூதர்களை மதம் மாற்ற எத்தனையோ நூற்றாண்டுகளாக எத்தனையோ பேர் முயன்றிருக்கிறார்கள். நட்பாக வந்து உட்கார்ந்துவிட்டு மூன்றாவது வாரம் துண்டுப் பிரசுரத்தை எடுத்து நீட்டுகிற ஆள்களை அவர்கள் நிறையப் பார்த்தவர்கள். நீங்கள் அந்த ஆள் இல்லை என்று தெரிந்துவிட்டால் உங்களைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்வார்கள். ஏசாயா 53ஐ மட்டும் நீங்களாக எடுக்காதீர்கள், கிறிஸ்தவர்கள் இயேசுவைப் பற்றியது என்று சொல்லும் அதிகாரம் அது, புரிந்திருக்கும்.

அது எந்த வகைச் சபை என்று மகளைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஆர்த்தடாக்ஸ் என்றால் ஆராதனையில் ஆண்கள் தனி, பெண்கள் தனி. கன்சர்வேடிவ், ரிஃபார்ம் என்றால் குடும்பமாக உட்காரலாம். உங்களுக்கு முக்கியமான வித்தியாசம் வேறு. மரபை இறுக்கிப் பிடிக்கும் சபைகளில் ஓய்வுநாளில் எழுதக்கூடாது. நம் ஆட்களுக்கு, அதுவும் டீச்சர்களுக்கு, பாடம் என்றாலே கை நோட்டைத் தேடும். சனிக்கிழமை வகுப்பில் நோட்டும் பேனாவும் பைக்குள்ளேயே இருக்கட்டும். போனையும் எடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ரிஃபார்ம் சபையில் பெரும்பாலும் சனிக்கிழமையும் கண்டுகொள்ள மாட்டார்கள், ஆனாலும் பக்கத்தில் இருப்பவர் எழுதினால் எழுதுங்கள். உடுப்பில் ஒரு பிரச்சினையும் இல்லை, சேலை போதும்.

இன்னும் சில விஷயம் இருக்கிறது. கடவுளின் நான்கெழுத்துத் திருநாமத்தை யாரும் வாய்விட்டு உச்சரிப்பதில்லை. நம் வேதாகமத்தில் கர்த்தர் என்று போட்டிருக்கும் இடங்களில் அவர்கள் ஜெபிக்கும்போது 'அதோனாய்' என்று வாசிப்பார்கள், சும்மா பேசும்போது 'ஹஷேம்' என்பார்கள். நீங்கள் அந்த எழுத்தைக் கூட்டிப் படிக்கப் போகாதீர்கள். ஜெபப் புத்தகம் கை தவறிக் கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடுவார்கள். நாம் புத்தகத்தில் கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, உங்களுக்கு யாரும் விளக்கவே வேண்டியிருக்காது. திருநாமம் அச்சான தாளைக் குப்பையில் போடுவதில்லை, சேர்த்துவைத்துப் புதைப்பார்கள். அதற்கென்று ஒரு பெட்டி இருக்கும். வகுப்பில் தருகிற நகல் தாள் வேண்டாமென்றால் அதில் போடுங்கள்.

சரி, சனிக்கிழமை வகுப்பு எப்படி இருக்கும்? தோராவை, அதாவது மோசேயின் ஐந்து புத்தகங்களை, 54 பகுதியாகப் பிரித்து வாரா வாரம் வாசித்து ஒரு வருஷத்தில் முடிப்பார்கள். உபாகமத்தின் கடைசியும் ஆதியாகமத்தின் தொடக்கமும் ஒரே பண்டிகையில் வரும், சிம்ஹத் தோரா என்று பெயர். சுருளைத் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள், கிழவர்கள் உட்பட. நம் கணக்கில் அது புரட்டாசி, ஐப்பசி வாக்கில் விழும். அதற்கு முந்தைய மூன்று வாரமும் யூதப் புத்தாண்டு, யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாள், கூடாரப் பண்டிகை என்று வரிசையாக வருவதால் பல இடங்களில் வகுப்புக்கு விடுமுறை. நீங்கள் போய் இறங்கியதும் கதவு மூடியிருந்தால் மனம் விட்டுவிடாதீர்கள். பண்டிகை முடிந்து அவர்கள் ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திறக்கும்போது நீங்களும் உட்காரலாம். இதைவிட நல்ல நேரம் உங்களுக்கு வாய்க்காது.

ஆனால் ஒன்று, போர்ஷனை முடிக்கணும் என்கிற பழக்கத்தைப் பொறையாற்றிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ராஷி என்று ஒரு உரையாசிரியர், பிரான்ஸ்காரர், 1105இல் இறந்தவர். ஆதியாகமத்தின் முதல் வசனத்துக்கு அவர் எழுதிய உரை ஒரு கேள்வியில் தொடங்குகிறது. இது கட்டளைகளின் புத்தகம்தானே, இஸ்ரவேலுக்குக் கொடுத்த முதல் கட்டளை யாத்திராகமம் 12இல்தானே வருகிறது, அங்கே ஆரம்பிக்காமல் உலகத்தைப் படைத்த கதையில் ஏன் ஆரம்பிக்க வேண்டும்? ரபி, அதாவது சபையின் குரு, இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டுக் காபி ஊற்றிக்கொள்ளப் போய்விடுவார். அவ்வளவுதான், அறை இரண்டாகிவிடும். ஒரு மணி நேரம் முடியும்போது இரண்டாம் வசனத்தை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அதில் யாருக்கும் குறையும் இருக்காது.

இரண்டு இரண்டு பேராகப் பிரித்தும் உட்காரவைப்பார்கள். இதற்கு ஹவ்ருதா என்று பெயர், தல்மூத் என்ற பழைய யூதச் சட்ட விவாத நூலைப் படிப்பவர்களின் முறை. ஒருவர் ஒரு வரியைச் சத்தமாக வாசிக்க வேண்டும், என்ன புரிந்தது என்று சொல்ல வேண்டும், மற்றவர் அதில் ஓட்டை கண்டுபிடிக்க வேண்டும். எல்லா ஜோடியும் ஒரே சமயத்தில் கத்துவதால் அறை சந்தைக்கடை மாதிரி இருக்கும். எனக்கு வாய்த்த கூட்டாளி ஓய்வு பெற்ற பல் டாக்டர். ஆரம்பத்தில் பெரியவர் ஆயிற்றே என்று அவர் சொல்வதற்கெல்லாம் "ஆமாம், சரிதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மனிதர் புத்தகத்தை மூடிவிட்டு, "நான் சொல்வது சரி என்று எனக்கே தெரியும், அதைச் சொல்ல நீ எதற்கு?" என்றார். இன்றைக்கு வியாழக்கிழமை ராத்திரி போனில் என்னோடு மல்லுக்கட்டுவது அவர்தான். அவருக்கு அது காலைக் காபி நேரம். நம் ஊரில் வயதானவரை எதிர்த்துப் பேசினால் மரியாதை இல்லை என்போம். அங்கே எதிர்த்துப் பேசாவிட்டால், இவன் கவனிக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கே வருகிற முக்கால்வாசிப் பேர் யூதராகப் பிறந்தும் சின்ன வயதில் படிக்காமல் விட்டவர்கள். அதிலும் பெண்கள், ஏனென்றால் அந்தக் காலத்தில் பையன்களுக்குத்தான் இந்த வாய்ப்பு. அமெரிக்காவில் ஜூடித் கப்லான் என்ற பெண்ணுக்கு 1922இல், பன்னிரண்டு வயதில், நியூயார்க்கில் பாட் மிட்ஸ்வா (பெண்களுக்கான பார் மிட்ஸ்வா) நடந்ததைத்தான் முதலாவதாகச் சொல்வார்கள். அன்றைக்குக்கூடச் சுருளிலிருந்து வாசிக்கவில்லை, அச்சுப் புத்தகத்திலிருந்துதான். 1992இல், 82 வயதில், மறுபடியும் சபை முன்னால் நின்றார். பழைய கதை ஒன்றும் உண்டு. பழைய காலத்துப் பெரிய யூத அறிஞர் ரபி அகிவா நாற்பது வயதுவரை எழுத்து தெரியாதவர், மகனோடு சேர்ந்து வாத்தியாரிடம் போனார், பலகையின் ஒரு முனையை அப்பாவும் மறுமுனையை மகனும் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் வீட்டுக்காரர் அடுத்த தடவை கிண்டல் செய்தால் இதைச் சொல்லுங்கள்.

எழுத்துக் குழப்பத்துக்கு என் வழி: எழுதிப் பழகுவதை நிறுத்திவிட்டுச் சத்தமாக வாசியுங்கள். அர்த்தம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்து ஜெபப் புத்தகத்தைக் கடகடவென்று வாசிப்பவர்களில் பலருக்கு அர்த்தம் தெரியாது. வாய் முதலில் பழகட்டும், அர்த்தம் பின்னால் வரும்.

ஓய்வு போதகர்

சகோதரிக்கு ஸ்தோத்திரம். உங்கள் தாத்தா உபதேசியார் என்று வாசித்ததும் சந்தோஷம்.

குடந்தைச் சகோதரர் மரியாதை முறைகளைப் பற்றி எழுதியது எல்லாம் பயனுள்ளது. கடைசிப் பத்தியில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. அர்த்தம் பின்னால் வரும் என்று விட்டால் பலருக்கு அது வருவதே இல்லை, அவரே அப்படிப்பட்டவர்களைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். நாங்கள் இறையியல் கல்லூரியில் இலக்கணத்திலிருந்துதான் தொடங்கினோம். மூன்று மெய்யெழுத்து வேர், அதிலிருந்து வினை எப்படிக் கிளைக்கிறது என்று ஒரு மாதம் பார்த்துவிட்டால் ஆதியாகமம் முதல் அதிகாரம் உங்களுக்குத் திறந்துவிடும். "தேவன் சொன்னார்", "அப்படியே ஆயிற்று", "நல்லது என்று கண்டார்" என்று அதே வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருவதால் கணக்கு டீச்சருக்கு அது சூத்திரம் மாதிரி பிடிபட்டுவிடும்.

எழுத்துக்கு நான் எல்லோருக்கும் சொல்வது சங்கீதம் 119. மொத்தம் 176 வசனம், எட்டு எட்டாக 22 பகுதி. எபிரேயத்தில் 22 எழுத்து. முதல் பகுதியின் எட்டு வசனமும் ஆலெப்பில் தொடங்கும், அடுத்த எட்டும் பேத்தில், இப்படியே கடைசி தௌ வரைக்கும். ஒரு நாளைக்கு ஒரு பகுதி எடுத்து, வசனத்தின் முதல் எழுத்தை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். எட்டுத் தடவை அதே எழுத்தைப் பெரிய அச்சில் பார்த்தால் கண் மறக்காது.

ஒன்றுபோல் தெரியும் எழுத்துகளை ஜோடியாகப் பிடியுங்கள். பேத்தும் காஃபும்: பேத்துக்குக் கீழே வலது மூலையில் சின்ன வால் நீட்டிக்கொண்டிருக்கும், காஃப் உருண்டையாக இருக்கும். ஹே, ஹேத்: ஹேயின் இடது கால் மேலே ஒட்டாமல் இடைவெளி விட்டு நிற்கும். தாலெத், ரேஷ்: தாலெத்தின் மூலை கூர்மை, ரேஷின் மூலை வளைவு. இந்தக் கடைசி ஜோடியில் எழுதுகிறவர்களே எவ்வளவு பயந்திருக்கிறார்கள் என்பதற்கு உபாகமம் 6:4ஐப் பாருங்கள், "கர்த்தர் ஒருவரே" என்ற வசனம். தோராச் சுருளில் அதன் கடைசித் தாலெத்தை மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக எழுதுவார்கள். அது ரேஷ் ஆகிவிட்டால் 'வேறொருவர்' என்று அர்த்தம் தலைகீழாகிவிடும். சொல்லின் கடைசியில் வரும்போது உருவம் மாறும் எழுத்து ஐந்து உண்டு: காஃப், மேம், நூன், பே, சாதே. அந்தக் கடைசி மேமைத்தான் சாமெக் என்று குழப்பிக்கொள்வீர்கள். மேம் கட்டம், சாமெக் வட்டம்.

முதலில் முழுதாக வாசிக்கச் சங்கீதம் 117ஐ எடுங்கள். இரண்டே வசனம்.

குடந்தைக்காரன்

போதகர் ஐயா, நீங்கள் சொன்ன சங்கீதம் 119 யோசனையை நான் பல் டாக்டரிடம் சொல்லப் போகிறேன், எதிர்க்க அவருக்கு ஏதாவது கிடைக்கும்.

இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனியாக உட்கார்ந்து வினை அட்டவணையை மனப்பாடம் செய்தவர்கள் வகுப்புக்கு வந்து ஒரு வரியை வாசிக்கச் சொன்னால் திக்கித் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே பாடமே வாய்விட்டு நடக்கிறது. டீச்சருக்கு இருப்பது ஆறு மாதம், அதிலும் கைக்குழந்தை. ஊரில் வாயைப் பழக்கிக்கொண்டு போனால் அங்கே இருக்கிற ஆட்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அட்டவணை எங்கேயும் ஓடாது, திரும்பி வந்து ஈசிசேரில் சாய்ந்துகொண்டு படிக்கலாம்.

நம் ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரே எழுத்தை இடத்தைப் பார்த்து ஒலி மாற்றிப் படித்து நமக்குப் பழகிவிட்டது. அங்கே பேத், காஃப், பே மூன்றுக்கும் நடுவில் இருக்கும் புள்ளியைப் பார்க்க வேண்டும். பேத்துக்குள் புள்ளி இருந்தால் 'பாலன்' என்று சொல்லும்போது வருகிற ப, இல்லாவிட்டால் வ. பேயில் புள்ளி இருந்தால் 'பல்' என்பதன் ப, இல்லாவிட்டால் ஃப. காஃபில் புள்ளி இல்லாவிட்டால் தொண்டையைச் செருமுகிற மாதிரி வரும். உயிர்க்குறிகள் பெரும்பாலும் எழுத்துக்கு அடியில் இருக்கும், கண் கீழேயே போய்க்கொண்டிருந்தால் நடுப்புள்ளி தப்பிவிடும்.

செஃபாரியா என்று ஒரு இணையத்தளம், இலவசம். எபிரேயமும் இங்கிலீஷும் பக்கத்தில் பக்கத்தில் வரும், ராஷி உரையும் உண்டு. போனில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

ஆரூர் ஓதுவார் மகன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். குடந்தை அண்ணா, தோராவை ராகத்தோடு வாசிப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். அது எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள்? அப்பாவிடம் நான் தேவாரம் பண்ணோடு பாடம் கேட்டவன், அதனால் ஆர்வம்.

குடந்தைக்காரன்

தம்பி, உனக்குத்தான் இது சட்டென்று பிடிபடும். கிட்டத்தட்ட நீங்கள் பண் பாடம் கேட்பது போலத்தான், வாய்ப்பாடமாக வர வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் மேலேயோ கீழேயோ ஒரு குறி, தஅமீம் என்பார்கள். அந்தக் குறி இசையையும் சொல்லும், எங்கே நிறுத்த வேண்டும் எங்கே சேர்க்க வேண்டும் என்பதையும் சொல்லும். எத்னஹ்தா என்ற குறி வந்தால் வசனம் அங்கே இரண்டாகப் பிரிகிறது, மூச்சை விடலாம். ஒரே குறியை ஜெர்மனி, போலந்துப் பக்கத்து யூதர்கள் ஒரு மாதிரியும் ஏமன் யூதர்கள் வேறு மாதிரியும் பாடுவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், வாசிக்கிற சுருளில் அந்தக் குறியும் கிடையாது, உயிர்க்குறியும் கிடையாது. வெறும் மெய்யெழுத்து. அதனால் பயிற்சிக்குத் திக்கூன் என்று ஒரு புத்தகம் வைத்திருப்பார்கள். ஒரு பத்தியில் எல்லாக் குறியோடும் வசனம், பக்கத்துப் பத்தியில் அதே வசனம் சுருளில் இருக்கிற மாதிரி மொட்டையாக. முதல் பத்தியைப் பார்த்துப் பாடி, இரண்டாவதைப் பார்த்துப் பாடி, தப்பினால் திரும்ப முதலாவது. என் மகன் மாதக்கணக்கில் குளியலறையில்கூடப் பாடிக்கொண்டிருந்தான். அன்றைக்கு மேடையில் அவன் கையில் ஒரு வெள்ளிக்கோல், நுனியில் சுட்டுவிரல் நீட்டிய சின்னக் கை. சுருளின் தோலில் விரல் படக்கூடாது என்பதற்காக அதை வைத்துத்தான் வரியைத் தொட்டுக்கொண்டு போவார்கள். பக்கத்தில் நிற்பவர்கள் அச்சுப் புத்தகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு சொல் பிசகினால் அங்கேயே சத்தமாகத் திருத்துவார்கள், பையன் திரும்ப வாசிக்க வேண்டும். அவமானமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

உனக்குப் பிடிக்கும் ஒன்று சொல்கிறேன். ஷல்ஷெலெத் என்று ஒரு குறி, மேலே போய்க் கீழே இறங்கி மறுபடி மேலே போய் நீளமாக இழுக்கும். ஐந்து புத்தகத்திலும் சேர்த்து நாலே இடத்தில்தான் வருகிறது. ஒன்று, சோதோமை விட்டுக் கிளம்பு என்று தூதர்கள் அவசரப்படுத்தும்போது லோத்து தாமதித்துக்கொண்டு நிற்கும் இடம். இன்னொன்று, எஜமானின் மனைவி கூப்பிடும்போது யோசேப்பு மாட்டேன் என்று மறுக்கும் இடம். பாடுகிறவர் குரல் அந்தச் சொல்லில் ஊசலாடும்போது, உரைகாரர்கள் என்ன எழுதியிருந்தால் என்ன, ஆளின் மனசுக்குள் என்ன நடந்தது என்று கேட்கிறவனுக்கே தெரிந்துவிடும். டீச்சர், ஆதியாகமம் 19 வருகிற வாரம் தூக்கம் கெட்டாலும் போய்விடுங்கள், ஐப்பசி, கார்த்திகை வாக்கில் வரும்.

மன்னை மைந்தன்

சரி அண்ணே, ஒத்துக்கொள்கிறேன், ஆப்பில் இதெல்லாம் வராது. ஆனால் காசா, இஸ்ரேல் என்று அரசியல் பேச்சு வந்தால் அம்மா என்ன செய்வார்கள்? அப்புறம், அமெரிக்கா போகாதவர்களுக்கு நம் பக்கத்தில் ஜெபாலயம் எங்கேயாவது உண்டா?

குடந்தைக்காரன்

பேச்சு வரத்தான் வரும். அவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து கிடையாது, ஒரே மேசையில் அப்பா ஒரு பக்கம், மகள் எதிர்ப்பக்கம். விருந்தாளியாகப் போகிறவர் கேட்டுக்கொண்டிருக்கலாம், கேட்டால் மனதில் பட்டதைச் சொல்லலாம், தானாக ஆரம்பிக்க வேண்டாம்.

நம் பக்கத்தில் என்றால் கொச்சிதான். மட்டாஞ்சேரிப் பரதேசி ஜெபாலயம் 1568இல் கட்டியது. அங்கத்து யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள், அதனால் பார்க்கலாமே தவிர வகுப்பெல்லாம் எதிர்பார்க்க முடியாது. சனிக்கிழமை போனால் பார்வையாளருக்கு மூடியிருக்கும்.

தரங்கை டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இந்த இழையை வீட்டில் சத்தமாக வாசித்துக்காட்டிக்கொண்டிருக்கிறேன். ரபி அகிவா கதையைக் கேட்டதிலிருந்து வீட்டுக்காரர் வாய் திறக்கவில்லை.

போதகர் ஐயா, 117ஐ எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டேன். 119இல் ஆறாவது பகுதி வௌ எழுத்து. எட்டு வசனமும் அதிலேயே தொடங்குகிறது என்றால் எழுதியவர் எவ்வளவு கணக்குப் போட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். குடந்தை சார் சொன்னபடி வாய்விட்டும் வாசிக்கிறேன், ஐயா சொன்னபடி வேர்ச்சொல்லும் தினம் நாலு எழுதிக்கொள்கிறேன். உங்கள் இரண்டு பேரின் சண்டையில் நான் பக்கம் சாயப் போவதில்லை.

மின்னஞ்சல் அனுப்பியாயிற்று. மகள்தான் தட்டச்சு செய்தாள், வாசகம் என்னுடையது. அலுவலகத்திலிருந்து மறுநாளே பதில் வந்தது. ரிஃபார்ம் சபையாம். பண்டிகைகள் முடிந்ததும் வகுப்பு, வரும்போது அடையாள அட்டை கொண்டுவரவும், புத்தகம் நாங்கள் தருகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். நான் கிறிஸ்தவள் என்று எழுதியதற்கு, "தெரியப்படுத்தியதற்கு நன்றி, உங்களைப் போல் இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள்" என்று ஒரு வரி.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. முதல் நாள் வெறுங்கையோடு போக மனம் ஒப்பவில்லை. வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் செய்து ஒரு டப்பாவில் எடுத்துப் போகலாமா? முறுக்கு சைவம்தான்.

குடந்தைக்காரன்

சைவமாக இருந்தாலும் கேட்காமல் கொண்டுபோகாதீர்கள் டீச்சர். கோஷர் என்ற யூத உணவு விதிக் கணக்கில் அது எந்தச் சட்டியில், எந்த அடுப்பில் செய்தது என்பதும் சேரும். பல ஜெபாலயங்களில் வெளியே வீட்டில் சமைத்ததை உள்ளே எடுக்க மாட்டார்கள். ரிஃபார்ம் சபையில் கொஞ்சம் தளர்வு இருக்கலாம், ஆனால் வகுப்பில் வீட்டளவில் கோஷர் பார்க்கிறவர் யாராவது இருப்பார், உங்கள் மனம் கோணக்கூடாதே என்று தர்மசங்கடப்படுவார். முதல் நாள் பழம் வாங்கிப் போங்கள், ஆப்பிளோ ஆரஞ்சோ, வெட்டாமல் முழுசாக. முறுக்கை அந்தப் பாட்டி வீட்டில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பல் டாக்டருக்கு நான் கொண்டுபோனபோது பெட்டி பெட்டியாகத் தின்றார், அவர் கோஷர் பார்க்கிறவர் இல்லை.